நகரத்து விளக்கும் கரிசல் காட்டு வானமும்

இருளைப் போக்குவது விளக்கு. இது சிறு குழந்தையும் அறிந்த செய்தி. ஆனால் விளக்கு ஒன்றைக் காட்டும்போதே மற்றொன்றை மறைக்கவும் கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. பெரிய நகரங்களில் வானளாவ எழுந்துள்ள கட்டடங்களின் மீது இரவெல்லாம் எரியும் விளக்குகளைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். அவற்றை அந்நகரங்களில் நின்று பார்க்காமல், அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் புன்செய்க் காட்டில் நின்று பார்ப்போம். வானளாவிய கட்டடம் ஒன்றேனும் இல்லாத அந்தச் சீமைக்கும் இந்தப் பொருளுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். நகரத்து விளக்கின் வெளிச்சம் நகர எல்லையோடு நின்றுவிடுவதில்லை; அதுதான் தொடர்பு.

கரிசல் மண் பரந்த அந்த நிலத்தைப் பற்றிப் புகழ்ந்து கூறுவோர் சிலரே. குண்டாறு ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும். கண்மாய்கள் ஐப்பசி மழையை எதிர்பார்த்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் என்று வானத்தை நம்பி நடக்கும் வெள்ளாமை. இடையிடையே பனை, மற்ற இடமெல்லாம் சீமைக் கருவேல். ஆயினும் மழை குறைந்த நாட்டில் மேகமும் குறைவு. மேகம் குறைந்தால் இரவு வானம் தெளிவாக இருக்கும். அதோடு அருப்புக்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9½ பாகையில் அமைந்திருக்கிறது. வடக்கே துருவ மீனையும், சித்திரை வைகாசியில் தெற்கே சிலுவை வடிவான மீன் கூட்டத்தையும் ஒரே களத்து மேட்டில் நின்று காணலாம். இந்தப் பேறு லண்டன் மாணவனுக்கு இல்லை. சிட்னி மாணவனுக்கும் இல்லை. ஆவணி, புரட்டாசி முன்னிரவில் பால்வீதி தலைக்கு மேல் வெண்புகை போலப் படர்ந்திருப்பதை ஊர் விளக்கைக் கடந்து சற்று விலகி நின்றால் பார்க்கலாம். உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர்கள் என்று 2016-இல் விஞ்ஞானிகள் வெளியிட்ட உலக வரைபடம் காட்டிற்று. ஆகவே திருச்சுழிப் பையன் ஒருவன் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று எண்ணிக்கொண்டால், அந்தக் கணக்கில் ஒரு பெரிய வரவு விடுபட்டுப் போகிறது.

இப்போது படத்தை விரித்துப் பாருங்கள். அருப்புக்கோட்டைக்கு நேர் வடக்கே மதுரை இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 45 கி.மீ. துருவ மீனோ, எந்த ஊரில் நின்று பார்க்கிறோமோ அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் வடக்கே நிற்கும். அருப்புக்கோட்டையில் அது 9½ பாகை. கையை நேரே நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை வரும். அதாவது தொடுவானத்துக்கு மேல் ஒரு முட்டி உயரத்தில், சரியாக மதுரை இருக்கும் திக்கில் துருவன் நிற்கிறான். மதுரையின் விளக்கொளி வானில் எந்தப் பகுதியில் பரவுகிறதோ, அந்தப் பகுதியில்தான் அவன் இருப்பிடமும். துருவன் அப்படியொன்றும் பேரொளி படைத்தவன் அல்லன். இரண்டாம் தரத்து மீன். தொடுவானத்தை ஒட்டித் தாழ்ந்து நிற்பதால் காற்றும், கரிசல் காட்டுத் தூசியும் அவனை ஏற்கெனவே மங்கச் செய்கின்றன. அதன் மேல் நகர வெளிச்சமும் வந்து சேர்ந்தால், இளைய மாணவர்களுக்கு அவனை அடையாளம் காட்டுவது ஆசிரியருக்குக் கடினமாகும்.

45 கி.மீ. தொலைவில் உள்ள விளக்கு இங்கே எப்படி எட்டும்? விளக்கு எட்டுவதில்லை, அதன் ஒளி காற்றில் பட்டுச் சிதறி எட்டுகிறது. பகல் வானம் நீலமாக இருப்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம். காற்றின் மூலக்கூறுகள் ஒளிக்கதிர்களைச் சிதறடிக்கின்றன. அவற்றுள் நீலக் கதிர்களை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. ராலே பிரபு 19-ஆம் நூற்றாண்டில் கண்டு விளக்கிய நியதி இது. முன்பெல்லாம் பெருஞ்சாலைகளில் மஞ்சள் ஒளி தரும் சோடிய விளக்குகள் இருந்தன. இப்போது பெரும்பாலும் வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள். மின்சாரம் குறைவாகவே செலவாகிறது என்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் அந்த வெண்மையில் நீலக் கதிர் மிகுதியாகக் கலந்திருப்பதால் சிதறலும் மிகுதி. இந்த ஒளி மூட்டம் தூரம் செல்லச் செல்ல விரைவாகக் குறையும். தூரம் இரு மடங்கானால் மூட்டம் ஏறத்தாழ ஐந்தரையில் ஒரு பங்காகிவிடும் என்பது 1970-களில் வாக்கர் என்னும் அமெரிக்க வானியலார் கண்ட கணக்கு. இது ஆறுதல் தரும் செய்திதான். ஆனால் நகரம் வளர வளர, தூரம் தந்த இந்தப் பாதுகாப்பு சிறிது சிறிதாகக் கரைந்து போகிறது.

இங்கேதான் உயர்ந்த கட்டடங்கள் கதைக்குள் வருகின்றன. ஒரு தெருவிளக்கு பக்கவாட்டில் வீசும் ஒளியைச் சுவரும் மரமும் ஓரளவு தடுத்துவிடும். இருபதாம் மாடியில் எரியும் விளக்குக்கு எந்தத் தடையும் இல்லை. நேர் மேலே செல்லும் ஒளி காற்று மண்டலத்தை விரைவில் கடந்து போய்விடும். பக்கவாட்டாக, சற்றே மேல்நோக்கிச் செல்லும் ஒளியோ நெடுந்தூரம் காற்றினூடே பயணம் செய்து, வழியெல்லாம் சிதறிக்கொண்டே போகும். தொலைவிலுள்ள ஊர்களின் வானத்தை வெளுக்கச் செய்வது பெரும்பாலும் இந்தப் படுக்கைவாட்டு ஒளியே. கட்டடத்தின் முகப்பு முழுவதையும் திரையாக்கி விளம்பரம் ஓட்டுகிறார்களே, அது இந்தவகை ஒளியைத்தான் அள்ளி வீசுகிறது.

நம் நாட்டில் இந்த உயரத்தின் தொடக்கம் சென்னையில் நிகழ்ந்தது. மவுண்ட் ரோடு என்று அன்று வழங்கிய சாலையில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் 14 மாடிகளும் 177 அடி உயரமும் உடையது. அந்நாளில் இந்தியாவின் மிக உயர்ந்த கட்டடம் என்று பெயர் பெற்றது. பட்டணம் பார்க்கச் சென்ற கிராமத்தார் அதை அண்ணாந்து பார்த்து வியந்தனர். (விருதுநகர் மாவட்டத்து நேயர்கள் இதில் அதிகம் வியக்க வேண்டியதில்லை, நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் ஏறத்தாழ 190 அடி.) ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தடையில்லாத சமவெளியில் 177 அடி உயரத்தில் ஏற்றிய விளக்கின் கதிர் ஏறத்தாழ 26 கி.மீ. வரை நேராகவே செல்லும். அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். 500 அடி உயரத்தில் ஏற்றினால் அது 44 கி.மீ. ஆகும். அதாவது மதுரையில் அத்தனை உயரக் கட்டடம் எழுந்தால், அதன் உச்சி விளக்கை அருப்புக்கோட்டைக்காரர் தொடுவானத்தில் நேராகவே காணும் நிலை வரும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிக் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு விதித்திருக்கிறார்கள். கோபுரத்தின் தோற்றத்துக்கு அப்படி ஒரு காவல் உண்டு. கோபுரத்துக்கு மேலே உள்ள வானத்துக்கு இல்லை.

நகர வெளிச்சத்தால் நாம் எதை இழந்தோம் என்பதை அறியச் சென்னை நுங்கம்பாக்கத்துக்கே செல்ல வேண்டும். அங்கே 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வானாய்வு நிலையம் அமைத்தனர். தொலைநோக்கியைத் தாங்குவதற்காக அவர்கள் நிறுத்திய கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்துப் பொறித்தனர். தூண் இன்றும் இருக்கிறது. 1861-இல் நார்மன் போக்சன் என்பவர் அங்கிருந்தே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஏஷியா என்று பெயரிட்டார். அதே நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்திசை மீன் குழுவில், ஒளி கூடியும் குறைந்தும் மாறுகிற ஒரு விண்மீனைக் கண்டறிந்தார். இந்தச் செய்தியைப் படிக்கும்போது ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். அந்த மீன் வான நடுவரைக்குத் தெற்கே 63 பாகையில் இருக்கிறது. சென்னையின் அட்சரேகை 13. ஆகவே சென்னையில் அது தன் உச்சத்தை அடையும்போதும் தெற்குத் தொடுவானத்துக்கு மேல் 14 பாகைக்கு மிகாது. ஒன்றரை முட்டி உயரந்தான். அது மிக ஒளிரும் காலத்திலும் வெறுங்கண்ணுக்குத் தோன்றாத அளவு மங்கியது. நுங்கம்பாக்கத்தில் நின்று தெற்கே ஒன்றரை முட்டி உயரத்தில் அத்தகைய ஒரு மீனைத் தொலைநோக்கியில் பிடித்து, அதன் ஒளி மாறுவதைக் கண்டறிந்திருக்கிறார்! இன்று அந்தத் திக்கில் தியாகராய நகரும் கிண்டியும் எழுப்பும் ஒளியில், அதே வேலையை ஒரு மாணவன் செய்ய முயன்றால் எவ்வளவு தூரம் செல்வான் என்று எண்ணிப் பாருங்கள்.

1899-இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குச் சென்றது. அங்கே நடப்பது பெரும்பாலும் சூரிய ஆராய்ச்சி. சூரியனை எந்த நகர விளக்கும் மறைத்துவிட முடியாது. விண்மீன்களுக்காக வேறு இடம் தேடிய வைணு பாப்பு, ஜவ்வாது மலைக் காட்டில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968-இல் ஒரு சிறு தொலைநோக்கியும், 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின. 1988-இல் ஆர். ராஜமோகன் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. அந்தக் காவலூரிலும் மலையடிவாரத்து ஊர்களின் வெளிச்சம் இன்று ஒரு கவலையாக இருக்கிறது. நகரத்தின் நடுவிலிருந்து மலைக்காட்டுக்குப் போனாலும் வெளிச்சம் பின்தொடர்கிறது.

விண்மீன் பார்ப்பவருக்குத்தான் இந்தக் குறை என்று எண்ண வேண்டாம். சென்னைக் கடற்கரையில் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் இரவில் வெளிவரும். வெளிவந்ததும் எந்தத் திக்கு மிக வெளிச்சமாக இருக்கிறதோ அந்தத் திக்கை நோக்கி நகரும். கடலின் மேற்பரப்பு வானத்து ஒளியைப் பிரதிபலிப்பதால், இயற்கையில் மிக வெளிச்சமான திக்கு கடலே. கரையில் விளக்கு எரிந்தால் குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையை நோக்கிச் செல்கிறது. அங்கே அதன் முடிவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1988 முதல் சென்னையில் மாணவர்களே ஒரு சங்கமாகக் கூடி, இரவில் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காவலில் வைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள்.

பறவைகளுக்கும் இதே கதிதான். நியூயார்க்கில் 2001-ஆம் ஆண்டுத் தாக்குதலில் மாண்டவர்களின் நினைவாக, ஆண்டுதோறும் இரண்டு பெரிய ஒளித்தூண்களை வானில் எழுப்புகிறார்கள். இரவில் வலசை செல்லும் பறவைகள் அந்த ஒளியில் சிக்கி வட்டமிட்டுக் களைத்துப் போவதை ராடார் கொண்டு ஆராய்ந்தனர். ஏழு ஆண்டுகளில் அந்த ஒரே நாள் இரவுகளில் மட்டும் 11 இலட்சம் பறவைகள் பாதிக்கப்பட்டன என்று 2017-இல் கணக்கிட்டார்கள். விளக்கை அணைத்த சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியே சென்றன என்பதையும் அதே ஆராய்ச்சி கண்டது. இப்போது பறவைகள் மிகுந்தால் விளக்கைச் சிறிது நேரம் அணைத்துவிடுகிறார்கள்.

விளக்கு ஒரு பொறி என்பதைக் கரிசல் காட்டு உழவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நிலக்கடலையைத் தின்னும் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகள் முதல் மழைக்குப் பின் இரவில் கிளம்பும். அப்போது வயலில் தீ மூட்டியும், விளக்குப் பொறி வைத்தும் அவற்றைக் கவர்ந்து அழிப்பது புன்செய் உழவில் பழக்கமான முறை. உழவர் வைக்கும் பொறி சில இரவுகளுக்கு மட்டும். எதைப் பிடிக்க வேண்டும் என்று அறிந்து வைப்பது. நகரங்களோ ஆண்டின் எல்லா இரவுகளிலும், நன்மை செய்யும் பூச்சி எது, தீமை செய்வது எது என்ற வேறுபாடு இன்றி எல்லாவற்றையும் அழைத்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு கூறியதால் விளக்கே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளக் கூடாது. அருப்புக்கோட்டை நெசவும் நூற்பாலையும் உள்ள ஊர். ஆலையில் இரவு முறை முடித்து வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெருவில் வெளிச்சம் வேண்டும். பாம்பும் தேளும் உள்ள ஊர்ப்பாதைக்கு விளக்கு வேண்டும். மின்சாரம் வந்த நாளை விழாவாகக் கொண்டாடிய ஊர்களில் இருளின் பெருமையைப் பேசுவது எளிதன்று, தேவையும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேண்டிய வெளிச்சம் அவள் கால் வைக்கும் தரையில் விழ வேண்டும். கண்ணைக் கூசச் செய்யும் விளக்கு அதற்கு அப்பாலுள்ள நிழலை மேலும் இருட்டாக்குகிறது. அந்த நிழலில் நிற்பவன் தெரிய மாட்டான். நம் கண் இருளுக்கு முழுதும் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். கூசும் ஒளி ஒரு கணத்தில் அதைக் கெடுத்துவிடும். இரவில் பெருஞ்சாலையில் எதிரே வரும் வண்டியின் விளக்கால் தடுமாறியவர்கள் இதை அனுபவித்தே அறிவார்கள். மேல்நோக்கி வீசும் ஒளியாலோ ஒருவருக்கும் பாதுகாப்பு இல்லை. அதற்குரிய மின்கட்டணம் மட்டும் உண்டு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். திருச்சுழிக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தது. பகலில் இந்த வறண்ட சீமையின் வெயில் மின்சாரமாகி நாடெங்கும் செல்கிறது. வெயிலை எடுத்துக்கொள்வதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. அதற்குப் பதிலாக இரவை விட்டுவைக்கலாம் என்று கேட்பது பேராசை ஆகாது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. விளக்கின் தலைக்கு மூடி வேண்டும். ஒளி தரையை நோக்க வேண்டும். நீலம் குறைந்த இளமஞ்சள் ஒளி போதும். உயர்ந்த கட்டடங்களில் அலங்கார விளக்கும் விளம்பரத் திரையும் இரவு பத்து அல்லது பதினொரு மணிக்கு அணைய வேண்டும். வேலை முடிந்த மாடியில் விளக்கு எரியக் கூடாது. பிரான்சு நாட்டில் 2013 முதல் இப்படி ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: அலுவலகத்தில் கடைசி ஆள் வெளியேறிய ஒரு மணி நேரத்துக்குள் உள்விளக்கை அணைக்க வேண்டும், கட்டட முகப்பு விளக்கு நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குள் அணைய வேண்டும். அமெரிக்காவில் பிளாக்ஸ்டாப் என்னும் மலையூர், தன் அருகிலுள்ள வானாய்வு நிலையத்துக்காக 1958-லேயே விளம்பரத் தேடொளி விளக்குகளைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் லடாக்கின் ஹான்லே பகுதி 2022-இல் இருள்வானக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள ஊர் மக்களுக்கே தொலைநோக்கி தந்து பயிற்சியளித்திருக்கிறார்கள்; வானம் பார்க்க வருவோருக்கு வழிகாட்டுவதே அவர்களுக்கு ஒரு வருவாய். வறண்ட, மழை குறைந்த, ஆள் குறைந்த நிலம் அது. இந்தச் சொற்களை நாம் வேறு எந்த நிலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறோம் அன்றோ?

வானம் எவ்வளவு விரைவாக வெளுக்கிறது என்பதைப் பல நாட்டு மக்கள் வெறுங்கண்ணால் பார்த்து எழுதிய குறிப்புகளைக் கொண்டே கணித்திருக்கிறார்கள். 2011 முதல் 2022 வரை சேர்ந்த அத்தகைய குறிப்புகள் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவை. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு வெளிச்சம் கூடிவருவதாக 2023-இல் வெளியான அந்த முடிவு கூறுகிறது. அதாவது எட்டு ஆண்டுகளுக்குள் இரு மடங்கு. ஒரு குழந்தை பிறக்கும்போது 250 மீன்கள் தெரியும் இடத்தில், அக்குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100 மட்டுமே தெரியும்.

இந்தக் கணக்கில் கரிசல் காட்டிலிருந்து சென்ற குறிப்புகள் மிகுதியாக இரா. அதை மாணவர்கள் எழுதலாம். கருவி எதுவும் வேண்டாம். தை மாதத்து அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் எட்டு மணிக்கு, தெருவிளக்கு கண்ணில் படாத இடத்தில் கால் மணி நேரம் நின்று கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். தலைக்கு மேலே கார்த்திகை மீன் கூட்டம் நிற்கும். அதில் எத்தனை மீன்களைத் தனித்தனியே எண்ண முடிகிறது என்று பாருங்கள். ஆறு என்பது நம் முன்னோர் கணக்கு. பிறகு வடக்கே திரும்பி, ஒரு முட்டி உயரத்தில் துருவன் தெரிகிறானா, மதுரைப் பக்கத்து வெளுப்பு எவ்வளவு உயரம் எழுந்திருக்கிறது என்று கை நீட்டி அளந்துகொள்ளுங்கள். ஊர், தேதி, மணி, எண்ணிக்கை, முட்டிக் கணக்கு: இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த தையில் அதே இடத்தில் நின்று மறுபடி எண்ணுங்கள். பள்ளி மாணவர் தொடங்கிய நோட்டை அவருக்குப் பின்வரும் வகுப்பார் தொடர்ந்து எழுதலாம்.